நின்று கெட்ட ஸ்ப்ளெண்டரை மறுபடி சாலைக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓடாமல் கிடக்கும் வண்டிகளில் இரண்டு வகை உண்டு. ஓடி ஓடிக் கெட்டது ஒன்று, நின்றே கெட்டது இன்னொன்று. முதல் வகையை வாங்கினால் லேத் பட்டறை, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போர் வேலை, பிஸ்டன் செட், கிராங்க் என்று வண்டி விலையைத் தாண்டிச் செலவு இழுக்கும். இரண்டாவது அப்படியில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிதான். ஓட்டியவர் வெளிநாடு போயிருப்பார், பையன் புது வண்டி எடுத்திருப்பான், இல்லை வீட்டுப் பெரியவர் தவறியிருப்பார். ஓரமாக நிறுத்திய வண்டியைப் பழைய பெட்ரோலும் மழைத் தண்ணீரும் எலியும் குளவியும் வெயிலில் வெடித்த ரப்பரும் சேர்ந்து கெடுத்திருக்கும். பொறுமையும் ஏழெட்டு ஸ்பேனரும் இருந்தால் இதெல்லாம் வீட்டு வாசலிலேயே சரிசெய்யக்கூடிய கோளாறுகள்தான்.

நான் கடைசியாக எழுப்பியது 2006இல் பதிவான ஒரு ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ். கும்பகோணம் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகையில் ஐந்து வருடம் நின்றது. விலை 7,000 ரூபாய். "எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் தினம் காலையில தொடச்சுட்டுத்தான் தம்பி எடுப்பார்" என்றார் அந்த வீட்டு அம்மா. நான் வண்டியை வாங்கியது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

முதன்முறை இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஸ்ப்ளெண்டரையே சொல்வேன். 1985இல் வந்த சிடி 100 வழியில் 1994இல் அறிமுகமான வண்டி. 97.2 சிசி, ஒரே சிலிண்டர், காற்றிலேயே குளிரும் எஞ்சின். எந்தச் சின்ன ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் சாமான் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குப் புது சாமானுக்கு ஜி.பி. ரோடும், பழைய சாமானுக்குப் புதுப்பேட்டையும் இருக்கின்றன. நான் சொல்வது கார்ப்பரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம், வைத்த வண்டிகளுக்குத்தான். 2020க்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் பெட்ரோல் இஞ்செக்டர் வழியாகப் போகிறது, அதன் கதை வேறு.

பணம் கொடுக்கும் முன்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "கடைசியா ஓடும்போது எப்படி இருந்துச்சு?" புகை தள்ளியது, சத்தம் வந்தது, மேடு ஏறவில்லை என்று பதில் வந்தால் அது ஓடிக் கெட்ட வண்டி. "நல்லாத்தான் ஓடுச்சு, ஓட்ட ஆளில்லை" என்றால் மேலே பாருங்கள். அந்தப் பதில் உண்மையா என்று வண்டியே காட்டிக்கொடுக்கும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருந்து, கியர் லிவர் ரப்பரும் கிக்கர் ரப்பரும் தேய்ந்து வழவழவென்று இருந்தால் மீட்டரை நம்பாதீர்கள்.

கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். ஓரிடத்தில் காற்று திணறி எதிர்த்து, பிறகு விட்டுக்கொடுத்தால் கம்ப்ரஷன் இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் ரிங்கோ வால்வோ போயிருக்கலாம். அசையவே இல்லை என்றால் பிஸ்டன் பிடித்திருக்கிறது. அது கைக்கு அடங்கக்கூடிய கோளாறுதான், ஆனால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, பால் கலந்த காபி போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருந்தால் நான் தொடமாட்டேன்.

பக்க மூடி, டேங்க் மூடி, சாவி, ஃபுட்ரெஸ்ட், கேபிள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பெரிய கோளாறை விட இந்தச் சின்னச் சின்னக் காணாமல்போனவைதான் பணத்தைத் தின்னும். விற்பவர் வீட்டிலேயே ஸ்டார்ட் செய்து பார்க்க ஆசை வரும். வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

காகிதம் இல்லாத வண்டி இரும்பு விலைக்குத்தான் பெறும்

எஞ்சினை விட ஆர்சி புக்கில் அதிக நேரம் செலவிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது, கடன் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் வரும். நிலுவை அபராதத்தை இ-சலான் பக்கத்தில் பாருங்கள். பிறகு சேசிஸ் எண். ஹேண்டிலுக்குக் கீழே ஸ்டீயரிங் தண்டு நுழையும் ஃப்ரேம் பகுதியில் அடித்திருப்பார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் ஏறும். அதை ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து தேய்க்கப்பட்டிருந்தாலும், அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட் இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சின் எண்ணையும் இப்படியே பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் படிவம் 35இல் கடன் கொடுத்தவரின் கையெழுத்தும் தடையில்லாச் சான்றும் தேவை. கடனை எப்போதோ கட்டி முடித்திருப்பார்கள், ஆர்சியில் மட்டும் நீக்காமல் விட்டிருப்பார்கள். இது அடிக்கடி நடக்கிறது. ஆர்சி தொலைந்திருந்தால் படிவம் 26. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28, அதாவது அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று (என்ஓசி).

நான் வாங்கிய வண்டியின் உரிமையாளர் உயிரோடு இல்லை. அப்படியானால் படிவம் 31. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி, அங்கிருந்து உங்கள் பெயருக்கு வருவதே வம்பில்லாத வழி. அந்த அம்மா பெயருக்கு மாற்றி முடிக்கும்வரை நான் முன்பணம் மட்டுமே கொடுத்திருந்தேன். அவருக்கும் அதுதான் பாதுகாப்பு. அவர் வீட்டு வண்டியில் நாளைக்கு நான் போய் எங்காவது இடித்தால் கேள்வி அவரிடம்தானே போகும்!

சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். அதன்பின் படிவம் 25 கொடுத்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இதைத்தான் பேச்சுவழக்கில் எஃப்சி காட்டுவது என்கிறோம். இரு சக்கர வண்டிக்கு இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025இல் 2,000 ஆக்கிவிட்டார்கள். இதோடு பசுமை வரியும் உண்டு. கெடு முடிந்து நாளாகியிருந்தால் தாமதக் கட்டணமும் கேட்கப்படலாம். இந்த மொத்தக் கணக்கை ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்த பிறகு விலை பேசுங்கள். 5,000 ரூபாய் வண்டி மலிவா இல்லையா என்பது அந்தக் கணக்கு கைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கிக்கரை உதைக்காதீர்கள்

வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கும். லேசாகத் துருவும் பிடித்திருக்கும். ஏறி ஓங்கி உதைத்தால் அந்தத் துருவே பிஸ்டன் ரிங்கைக் கீறும். டேங்கில் இருக்கும் கசடு கார்ப்பரேட்டருக்குள் இறங்கும். ஏர் ஃபில்டரில் எலி சேர்த்த பஞ்சு எஞ்சினுக்குள் போகும். விற்பவர் வீட்டில் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

முதலில் வண்டியைக் கழுவிக் காயவிடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். என் வண்டியில் வைக்கோலும் கிழிந்த சாக்குத் துணுக்கும் அடைந்து கிடந்தன, ஃபில்டர் பாதி காணோம். எலி இருந்த வண்டி என்றால் சீட்டைக் கழற்றி ஒயரிங்கை முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் கடி விரலுக்குத் தப்பாது.

அடுத்தது சைலன்ஸரின் பின்துளை. ஒரு கம்பியை உள்ளே விட்டபோது பொலபொலவென்று காய்ந்த மண் கொட்டியது. உள்ளே விரல் கனத்தில் அடுக்கடுக்காக அறைகள், ஒவ்வொன்றிலும் உலர்ந்த சிலந்திகள். மண் குளவி தன் புழுக்களுக்குச் சேர்த்து வைத்த தீனி அது. இந்தக் கூட்டை எடுக்காமல் உதைத்திருந்தால் வண்டி ஒரு துடிப்பு துடித்து நின்றிருக்கும், நான் பிளக்கையும் கார்ப்பரேட்டரையும் பழி சொல்லிக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருப்பேன். கார்ப்பரேட்டரிலிருந்து கீழே தொங்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயையும் பாருங்கள், அங்கேயும் மண் வைத்திருக்கும்.

இப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அதற்கு முன் பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது உள்ளே விழும். துளை வழியாக ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலேயே கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திச் சுற்றிவிடுங்கள். பிஸ்டன் பிடித்திருந்தால் ஆயிலோடு பாதிக்குப் பாதி டீசல் கலந்து ஊற்றி மூன்று நாள் பொறுங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொண்டே இருங்கள். விட்டுக்கொடுக்கும். கிக்கர் மேல் ஏறிக் குதித்தால் கிக்கர் ஷாஃப்ட்தான் போகும்.

பெட்ரோல் போகும் பாதை

நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும். பெட்ரோலின் ஆவியாகும் பகுதி போய்விட, மீதி பிசினாகி, கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுப்பதால் டேங்க் அடியில் தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கிறது.

பழைய பெட்ரோல் முழுவதையும் இறக்குங்கள். புதுப் பெட்ரோலோடு கலந்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். டேங்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். துருவிருந்தால் டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயை (பெட்ரோல் காக்) கழற்றித் துளையை அடைத்துவிட்டு, ஒரு கைப்பிடி பழைய நட்டுகளைப் போட்டு, வினிகரை ஊற்றி நன்றாகக் குலுக்கி ஒரு நாள் விடுங்கள். நட்டுகளை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். பிறகு சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் கழுவி, உடனே வெயிலில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிடுங்கள். ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டாலும் மறுபடி செந்துரு படர்ந்துவிடும். பெட்ரோல் காக்கின் வலையைச் சுத்தம் செய்து, ரப்பர் ஹோஸைப் பாராமல் மாற்றிவிடுங்கள்.

கார்ப்பரேட்டரைக் கழற்றும்போது ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் மெத்தென்ற உலோகம். சரியாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை நன்றாக அழுத்தித் திருகாவிட்டால் தலை வழுக்கிவிடும். கிண்ணத்தைத் திறந்தால் பச்சையும் மஞ்சளுமாகப் பசை ஒட்டியிருக்கும், பழைய வார்னிஷ் வாசம் அடிக்கும். மெயின் ஜெட்டையும் ஸ்லோ ஜெட்டையும் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மெயின் ஜெட்டில் வெளிச்சம் தெரியும். ஸ்லோ ஜெட்டின் துளை முடி கனம்தான், அது அடைத்திருந்தால் வண்டி சோக்கில் ஸ்டார்ட் ஆகி, சோக்கை எடுத்ததும் நின்றுவிடும். கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, மின்சார ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையைப் பிரித்து அதனால் குத்துங்கள். ஊசியோ எஃகுக் கம்பியோ பட்டால் துளை பெரிதாகிவிடும், பிறகு மைலேஜ் கெட்டுவிட்டதென்று காலமெல்லாம் தேட வேண்டியதுதான்.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன், அதை மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே கணக்கு. கிண்ணத்துக்குள் வரும் பெட்ரோலை அளவோடு நிறுத்தும் ஃப்ளோட் ஊசியின் முனையில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் ஒழுகிக்கொண்டே இருக்கும். கிட் வாங்கும்போது வாஷர், ஓ-ரிங் எல்லாம் சேர்ந்தே வரும்.

பொறி வருகிறதா?

பெட்ரோலைத் தூர வைத்துவிட்டு இதைப் பாருங்கள். புது பிளக்கின் இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ. வரை வைத்து, ஒயர் நுனியில் இருக்கும் பிளக் கேப்பில் (மூடியில்) மாட்டி, பிளக்கின் மரை எஞ்சின் ஹெட்டைத் தொடும்படி சாய்த்து வைத்து, கிக்கரை உதையுங்கள். பிளக் துளைக்கு நேரே அல்ல, சற்றுத் தள்ளி. நீலப் பொறி டக்கென்று தெறித்தால் போதும்.

அந்தக் காலத்து கிக்கர் ஸ்ப்ளெண்டரில் ஒரு வசதி, இக்னிஷனுக்குப் பேட்டரி தேவையில்லை. எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்தே, பொறியை நேரம் பார்த்து விடும் சிடிஐ பெட்டிக்கு மின்சாரம் போகிறது. பேட்டரி செத்திருந்தாலும் எஞ்சின் ஓடும். பொறி வரவில்லை என்றால் பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயர் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புது முனையில் மாட்டுங்கள். பிறகு ஒவ்வொரு கனெக்டரையும் பிரித்துப் பச்சைக் களிம்பைச் சுரண்டுங்கள். அப்படியும் வராவிட்டால், சிடிஐக்குப் போகும் கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயரைப் பிரித்துவிட்டு உதைத்துப் பாருங்கள். சாவியை ஆஃப் செய்யும்போது எர்த் கொடுத்து வண்டியை நிறுத்துவது அந்த ஒயர். பிரித்ததும் பொறி வந்தால் கோளாறு சாவி சுவிட்சில்.

ஆயிலும் முதல் ஸ்டார்ட்டும்

பழைய ஆயிலை இறக்குங்கள். ஸ்ப்ளெண்டரில் கார் போலக் காகித ஃபில்டர் கிடையாது. வலது பக்க கிளட்ச் கவருக்குள் ஒரு கம்பி வலையும், கிராங்க் முனையில் சுழன்றபடியே அழுக்கைப் பிரித்து ஒதுக்கும் ஒரு கிண்ணமும் இருக்கின்றன. பல வண்டிகளில் இதைத் திறந்ததே இருக்காது. என் வண்டியில் கிண்ணத்தின் ஓரமெல்லாம் களிமண் போல இறுகிக் கிடந்தது. கவர் பேக்கிங் புதிதாக வாங்கிக்கொண்டு திறந்து சுத்தம் செய்துவிடுங்கள். 10டபிள்யூ30 ஆயில் ஊற்றுங்கள். அளவு பார்க்கும்போது குச்சியைத் திருகாமல், சும்மா உள்ளே விட்டுப் பாருங்கள், வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்க வேண்டும்.

பிளக் இல்லாமல் இருபது முப்பது தரம் கிக்கரை உதைத்தால் ஆயில் மேலே ஏறும். பிறகு பிளக்கை மாட்டி, அரை லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி, சோக் போட்டு உதையுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய அறையில் சைலன்ஸர் புகை ஆளைக் கொல்லும்.

முதலில் பயங்கரமாக வெள்ளைப் புகை வரும். பயப்படாதீர்கள், அது நீங்கள் ஊற்றிய ஆயிலும் சைலன்ஸர் ஈரமும். பத்து நிமிடத்தில் அடங்க வேண்டும். சூடான பிறகும் நீலப் புகை நின்றபாடில்லை என்றால் ரிங் அல்லது வால்வு சீல். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் ஃபில்டரையும் சோக்கையும் பாருங்கள். கியர் போட்டதும் கிளட்ச் பிடித்தும் வண்டி இழுத்துக்கொண்டு போனால் கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கின்றன. எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடும்.

ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் தெருவுக்கு எடுத்துவிடாதீர்கள்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் பிரேக்கும் டயரும் இன்னும் ஐந்து வருடம் நின்ற நிலையில்தான் இருக்கின்றன.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3214 என்றால் 2014ஆம் வருடம் 32ஆம் வாரம் செய்தது. தரையைத் தொடும் பட்டன் எவ்வளவு புதிதாக இருந்தாலும், பக்கச் சுவரில் விரிசல் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். இதில் மிச்சம் பிடிக்க நான் யாரையும் விடமாட்டேன். ஸ்ப்ளெண்டருக்கு முன்னும் பின்னும் 2.75-18. டியூபையும் ரிம் டேப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். சக்கரம் கழற்றியிருக்கும்போதே ஒவ்வொரு ஸ்போக் கம்பியையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலிக்காமல் தொப்பென்று கேட்பது தளர்ந்த கம்பி.

பிரேக் ட்ரம்மைத் திறந்தால் பழைய தூசி இருக்கும். வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள், நெஞ்சுக்குக் கெடுதல். ட்ரம் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பிரேக் ஷூவில் லைனிங் மெலிந்திருந்தாலோ, கண்ணாடி போல் மின்னினாலோ, ஆயில் பட்டிருந்தாலோ புதிது போடுங்கள். முக்கியமாக, ஷூவை விரிக்கும் கேமை வெளியே எடுத்துத் துருவைத் துடைத்து, தொட்டும் தொடாமலும் கிரீஸ் வையுங்கள். நின்ற வண்டியில் பிரேக் பிடித்தபின் திரும்பாமல் இறுகிக்கொள்வது இந்தக் கேம் துருப்பிடிப்பதால்தான். கிளட்ச், ஆக்ஸிலேட்டர், முன்பிரேக் மூன்று கேபிள்களையும் புதிதாகப் போடுங்கள், பெரிய செலவில்லை.

முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேர்கோட்டில் வரும்போது எங்காவது தடக்கென்று உட்கார்ந்தால் ஹேண்டில் தண்டின் பேரிங், அதாவது கோன்செட், போய்விட்டது. ஃபோர்க்கில் ஆயில் கசிந்தால் சீல். செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கத்தில் பிடித்து இழுங்கள். பல்லை விட்டுப் பாதி எழும்பினால் செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் என முழு செட்டாகவே மாற்ற வேண்டும். பேட்டரி, பல்பு, ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் வேலை செய்யாமல் எஃப்சிக்குப் போனால் வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள்.

ஆர்டிஓவும் முதல் 500 கிலோமீட்டரும்

பதிவு முடிந்த வண்டியை ஓட்டிக்கொண்டு ஆர்டிஓ அலுவலகம் போகாதீர்கள். நான் குட்டியானை பிடித்துத்தான் ஏற்றிக்கொண்டு போனேன். அதற்கு முன் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடுத்து, புகைச் சான்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், விபத்து நடந்தால் இழப்பீடு உங்கள் தலையில். மோட்டார் வாகன ஆய்வாளர் சேசிஸ் எண்ணைப் பார்ப்பார், விளக்குகளைப் பார்ப்பார். நம்பர் பிளேட் மங்கியிருந்தால் முன்பே மாற்றிவிடுங்கள்.

புதுப்பித்த ஆர்சி கைக்கு வந்ததும் முதல் வாரம் ஊருக்குள்ளேயே, 40க்கு மேல் போகாமல், பத்துப் பத்துக் கிலோமீட்டராக ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை வந்து நிறுத்தியதும் சக்கரத்தின் நடுவைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாதபடி சுட்டால் பிரேக் உரசுகிறது. வீல் நட்டு, ஹேண்டில் போல்ட்டு, எஞ்சின் மவுன்ட்டு எல்லாவற்றையும் ஒரு தரம் இறுக்குங்கள். வண்டி நின்ற இடத்தில் தரையில் ஒரு அட்டையைப் போட்டுவைத்தால், காலையில் எங்கிருந்து என்ன சொட்டியது என்று அது சொல்லும்.

300 கிலோமீட்டரில் ஆயிலை மறுபடி மாற்றுங்கள். வீணென்று தோன்றும், ஆனால் ஐந்து வருட அழுக்கு இந்த ஓட்டத்தில்தான் கரைந்து வருகிறது. இறக்கிய ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் பொடி போல மின்னினால் இன்னொரு 500 ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள், குறைந்திருக்க வேண்டும். நகக்கண் அளவுக்குத் துணுக்குகள் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினைத் திறந்துவிடுங்கள். என் தட்டில் கொஞ்சம் கறுப்பும், ஓரத்தில் ஒரு வைக்கோல் துணுக்கும் இருந்தன.